ஊசி ஆகாதவர்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. கோணல்மாணலாகத்தான் வரும், பலதும் மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பத்தாம் மாதம் நாத்தனார் மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். அவ்வளவுதான், நாத்தனார் முடிவு கட்டிவிட்டாள். "மைனி, எங்க அண்ணன் திரும்ப வந்துட்டாவ!"

அவருக்கு அந்த இடத்தில் இருந்தது மச்சமே இல்லை. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப் பீடியைக் காதில் செருகிச் சுட்டுக்கொண்ட தழும்பு. தீக்காயமுமா கூடப் பிறக்கும்? சொல்லியிருக்கலாம். நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் வராது.

பெற்றவள் பிள்ளையை "ஏலே" என்று கொஞ்சினால் நாத்தனார் பாய்வாள். "மாமாவைப் போயி ஏலேங்கியேட்டி!" அந்த மாமா தொட்டிலில் மூத்திரம் பெய்துகொண்டு கிடப்பார். ஆடி அமாவாசைக்கு இதே நாத்தனார்தான் பாபநாசத்தில் என் மகனை எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னாள், வீட்டுக்கு வந்து காக்கைக்குச் சோறும் வைத்தாள். அவர் காக்கையாகவும் வருவாராம், தொட்டிலிலும் கிடப்பாராம். மில்லில்கூட ஒரு ஆள் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும்.

யாரும் இல்லாதபோது நானும் ஒருமுறை தொட்டிலில் குனிந்து பார்த்தேன். அந்தக் கண்ணுக்கு என்னைத் தெரியவில்லை.

ஒன்பதாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், நெஞ்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பெற்றவள் வெந்நீர் வாங்கப் போயிருந்த நேரம் நர்ஸம்மா, "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டாள். நாத்தனார் முந்திக்கொண்டாள். "பென்சிலின் ஊசி ஆகவே ஆகாது. போன தடவை உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிட்டு." நர்ஸம்மா அதைச் சீட்டில் சிவப்பு மையால் எழுதினாள். டாக்டர் அதைப் படித்துவிட்டு, "அப்ப இங்க போட முடியாது, திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்க" என்றார். பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது.

அங்கே நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். ஆனாலும் சத்தம் வந்துவிட்டது.

"டாக்டரய்யா, ஊசி ஆகாதது இவனுக்கு இல்ல, என் வீட்டுக்காரருக்கு. அவரு செத்து ஒன்றரை வருசத்துக்கு மேல ஆச்சு."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாத்தனார் கத்தினாள். "மைனி, கட்டுன புருசனையே கொல்லப் பாக்கியளே!"

"ஏளா, அவரை எரிச்சு ஆத்துல கரைச்சாச்சு. இது வேற உசுரு. இதையும் கொண்டுபோயி எரிக்கணுமா?"

நர்ஸம்மா எழுதியதை அடித்தாள். முதலில் கையில் கொஞ்சம் குத்திப் பார்த்துவிட்டு, பிறகு முழு ஊசியும் போட்டார்கள். பிள்ளை வீறிட்டான். சாயங்காலம் மூச்சு சீரானது.

"பாத்தியளா, அண்ணனும் இப்பிடித்தான் அழுவாவ" என்றாள் நாத்தனார். பெற்ற தாய் செத்தபோதுகூட அழாத மனிதர் அவர்.

மருந்தின் பெயர் பென்சிலின்தானா, பிள்ளைக்கு அப்போது ஒன்பது மாதமா பத்தா என்று யாராவது பெற்றவளிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். நாத்தனாரிடம் கேட்க வேண்டாம். பிள்ளைக்கு வயது அறுபத்தெட்டு என்பாள்.