அக்காவுக்காக நேராக்கிய பாதை

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கோணல்’ என்று பெயர். குடியிருப்புகளுக்கு வரைபடம் போடுகிறவள். அவள் போட்ட எந்தத் தெருவும் நேராகப் போனதாகச் சரித்திரமே கிடையாது. மரம் குறுக்கே வந்தால் தெருவைத்தான் வளைப்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

கடலோரக் குடியிருப்பு வேலை வந்தபோது மணல்மேட்டில் யாரையும் கைவைக்க விடவில்லை. வீடுகளெல்லாம் மேட்டுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவில். கடலுக்குப் போக மேட்டின் ஊடே ஒரே ஒரு பாதை, அதுவும் வளைந்து வளைந்து. நேராக வெட்டினால் காற்று அந்த வழியாகப் புகுந்து மேட்டையே அரித்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

அந்தப் பாதைக்கு எதிரே வீடு வாங்கியது யார்? சொந்த அக்கா! அம்மா போனபிறகு இவளை வளர்த்துப் படிக்க வைத்தவள், தனக்கென்று வாய்திறந்து ஒன்றும் கேட்டறியாதவள். இப்போது முட்டி தேய்ந்து, நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுகிறாள்.

“ஏண்டி, பேருதான் கடலோர வீடு. இங்க உட்கார்ந்தா மணலுதானே தெரியுது? அந்தப் பாதையக் கொஞ்சம் நேராக்கினா என்ன?”

“அது ஆகாதுக்கா. காத்து பூந்துடும்.”

“சரி விடு. நான் கேட்டதே தப்பு.”

அந்த ‘சரி விடு’தான் அவளைக் கொன்றது. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பாள். மறுநாளே படத்தைத் திருத்திப் பாதையை நேராக வெட்டவைத்தாள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். “கோணலுக்கே புத்தி வந்துடுச்சு பாருங்கப்பா!”

அக்கா அந்தக் கோடை முழுக்கக் கடலைப் பார்த்தாள். காலையில் காபியோடு உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்கமாட்டாள். அதை நினைத்தால் இவளுக்கு இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடுமை.

பருவம் மாறிக் காற்று திரும்பியது. பாதை பள்ளமாயிற்று. இரண்டு பக்கமும் புல் வேரோடு அந்தரத்தில் தொங்கியது. படுக்கையில் மணல், சாப்பாட்டில் மணல். மேடு பாதிக்குமேல் சரிந்துவிட்டது. குடியிருந்தவர்கள் கூச்சல் போட, முதலாளி மிச்ச மேட்டையும் வழித்தெடுத்துவிட்டு ஆளுயரத்துக்குமேல் கான்கிரீட் சுவர் எழுப்பினார். தடுக்க அவளுக்கு எந்த முகம் இருந்தது?

சுவர் முடிந்த பிறகு அக்காவைப் பார்க்கப் போனாள். நாற்காலி சுவருக்கு முதுகைக் காட்டிக் கிடந்தது.

“நீ அன்னைக்கு முடியவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்டி,” என்றாள் அக்கா. “எனக்குத்தான் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்க்கா. நீ கேட்டது அது ஒண்ணுதானே.”