வெதர்பியில் இறங்கியவர்கள்

எமிலியானுஸ் மாமாவின் பெயரில் எந்த ஊரும் இல்லை. சைலஸ் வெதர்பி என்ற பழைய மொன்றியல் பணக்காரரின் பெயரிலோ மூன்று ஊர்கள் இருந்தன: வெதர்பி, வெதர்பி சந்தி, வெதர்பி ஏரி. மூன்றும் வடக்கே போகும் ஒரே ரயில் பாதையில். அந்த மனிதர் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஒரு சிலிப்பர்க் கட்டைகூடத் தூக்கியவர் அல்ல. பாதை போடக் காசு கடன் கொடுத்தார், அவ்வளவுதான். நான்காவது ஊருக்கு அவருடைய மனைவியின் பெயரை வைத்தார்கள். முதலில் மூடப்பட்டது அந்த ஸ்டேசன்தான். பிறகு ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் வெதர்பி மட்டும் மிஞ்சியது. கோடையில் சனிக்கிழமை மட்டும் அங்கே ரயில் நிற்கும். காலையில் போகும், மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வரும்.

மாமா என் அம்மாவின் தம்பி. மன்னாரில் மடு ரோட் ஸ்டேசனில் வேலை செய்தவர். தொண்ணூறாம் ஆண்டு சண்டையோடு அங்கே ரயில் நின்றுபோனது. பிறகு கனடா வந்து, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டு சோபாவில் படுத்து எழும்பி, ஆஸ்பத்திரி லோண்ட்றியில் பதினொரு வருடம் படுக்கை விரிப்பு மடித்தார். இப்போதும் யாராவது போர்வையைச் சுருட்டி எறிந்தால் அவருக்கு நித்திரை வராது. வேண்டுமென்றே எறிந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வசந்தத்தில், வெதர்பி ஊராட்சி ஸ்டேசனையும் பக்கத்திலுள்ள வெதர்பியின் பழைய மாளிகைத் தோட்டத்தையும் பார்க்க ஓர் ஆள் தேடியது. நேர்முகத்தில் மேயர் அம்மா பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே போனார். மாமாவின் பிரெஞ்சு விரிப்புகளின் அளவோடு முடிந்துவிடும். அவர் ஒரு தாளை வாங்கி, சிக்னல், தண்டவாளம், மேடை எல்லாம் வரைந்து, மேடையில் பச்சைக்கொடியோடு தன்னையும் வரைந்து கொடுத்தார். வேலை கிடைத்தது. வேறு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்டேசனுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு புல்வெட்டும் மெஷின், நூற்றி நாற்பது பேர் உள்ள ஊர். மாமா சோபாவை விட்டு முதல்முறையாகக் கட்டிலில் படுத்தார். ஜூன் மாதம் ரயில் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமைக்குள் மொத்தம் இருநூறு பேராவது வெதர்பியில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் ரயில் நிற்காது. ரயில் நிற்காவிட்டால் வேலையும் இல்லை. மாமாவின் முதல் ஸ்டேசனை மூட ஒரு யுத்தம் தேவைப்பட்டது. இதற்கு ஒரு தபால் முத்திரை போதும்.

மேடையில் ஒரு கரும்பலகை தொங்கவிட்டு, இறங்குகிறவர்களின் தொகையைச் சுண்ணக்கட்டியால் எழுதினார். ஓகஸ்ட் நடுப்பகுதியில் எண்பத்து மூன்று.

அப்போதுதான் எங்கள் பங்குத் தேவாலயத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு படம் ஒட்டினார். தோட்டத்தின் நடுவிலிருக்கும் வெதர்பியின் சிலை, பக்கத்தில் சிரித்தபடி மாமா. கீழே, "ஒருநாள் ரயில் பயணம், வெதர்பி." அவர் நினைத்தது ஏரியையும் புல்வெளியையும். படத்தில் தெரிந்ததோ தாடி வைத்த ஒரு மனிதர், ஒரு கையில் புத்தகம் மாதிரி ஏதோ, மற்றக் கை மெல்ல உயர்ந்தபடி. கியூபெக்கில் கல்லை எறிந்தால் ஒரு புனிதரின் பெயர் கொண்ட ஊரில்தான் விழும். திருப்பயணங்களை ஒழுங்கு செய்யும் றோசா அன்ரிக்கு இதில் சந்தேகமே வரவில்லை. பெயர்ப்பட்டியலுக்கு அவர் சொன்ன தலைப்பு, "புனித வெதர்பி திருப்பயணம்." கம்பியூட்டரில் அடித்தது நான். எனக்கு உண்மை தெரியும். தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

சனிக்கிழமை அறுபத்தாறு பேர் இறங்கினார்கள். சோற்றுப் பானை, பாய், மெழுகுதிரி, மாலை. மாமா பலகையில் நூற்றி நாற்பத்தொன்பது என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள், கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டது. வெதர்பியின் கழுத்தில் மாலை விழுந்தது. றோசா அன்ரி முழங்காலில் நின்றார்.

"அடுத்த சனி லாவாலில இருக்கிற எங்கட ஆக்களும் வருவினம், எமில் தம்பி," என்றார் கண்ணைத் திறக்காமல். "அம்பதுக்குக் குறையாது."

அதில் ஐம்பத்தொரு பேர் இறங்கினாலே இருநூறு ஆகும், வேலை மிஞ்சும். மாமாவின் கையில் பெயர்ப்பட்டியல் இருந்தது. அப்போதுதான் தலைப்பைப் பார்த்திருந்தார். அதை நாலாக மடித்து ஷேட்டுப் பையில் வைத்தார்.

"றோசா அக்கா, எழும்புங்கோ. இது புனிதர் இல்லை."

"அப்ப ஆர்?"

"ரயில் பாதைக்குக் கடன் குடுத்த ஆள்."

"கையில வேதாகமம் வைச்சிருக்கிறார்."

"அது கடன் பத்திரம்."

அன்ரி சிலையை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் இவ்வளவு நேரமும் என்ர முழங்கால் நோவை ஆரிட்டைச் சொன்னனான்?"

"ஒரு பாங்க்காரரிட்டை, அக்கா."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள்.

"லாவால் ஆக்களுக்கு இனி என்னத்தைச் சொல்லுறது?" என்று அன்ரி கேட்டார்.

"வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றார் மாமா.

என்னை ஒரு ஏச்சுக்கூட ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்ரி கோபத்தோடு திரும்பிப் போகத்தான் பார்த்தார். ஆனால் ரயில் ஐந்து மணிக்குத்தான். கோபத்தை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கப் பசி விடாது. பானைகளைத் திறந்தார்கள். என்ன பாட்டு என்று பார்க்க வந்த ஊர்க்காரர் ஒரு பெரிய சட்டியில் அவித்த சோளத்தோடு திரும்பி வந்தார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு மிளகாய்த்தூள் பூசிக் கொடுக்க, மேயர் அம்மா கண்ணீர் வடிய இன்னொன்று கேட்டார். பிள்ளைகள் ஏரியில் இறங்கினார்கள்.

றோசா அன்ரி பகலில் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு கார்டெரியில் சமையல், மாலையில் அலுவலகம் துடைக்கும் வேலை. மேப்பிள் மரத்தடியில் பாயைப் போட்டு, "ஒரு நிமிசம்" என்று சரிந்தவர் இரண்டு மணித்தியாலம் எழும்பவில்லை. பக்கத்தில் ஏழெட்டு அன்ரிமார் வரிசையாகத் தூங்கினார்கள். நாற்பது அறையோடு அந்த மாளிகையைக் கட்டிய வெதர்பியின் விருந்தாளிகள்கூட அங்கே இப்படித் தூங்கியிருக்க மாட்டார்கள்.

மாலையில் மேடைக்கு ரயில் வந்து நின்றபோது அன்ரி சொன்னார்: "பொய்யை அப்பிடியே விட்டிருந்தால் உனக்கு வேலை நிண்டிருக்குமாம். உன்ர மருமகள் சொன்னவள்."

"ஓம்," என்றார் மாமா.

"விசரன்," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அந்தக் கிழமை ஏழு மாலையும் நான் டெலிபோனில் இருந்தேன். லாவாலுக்கும், மேல்மாடி உருத்திரமூர்த்தி அங்கிள் வீட்டுக்கும், என்னோடு கதைக்காதவர்களுக்கும் எடுத்தேன். புனிதர் இல்லை, மரமும் ஏரியும் சோளமும் உண்டு என்று உள்ளதைத்தான் சொன்னேன். நான் சொல்வதை நம்ப வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நல்லவேளை, றோசா அன்ரி எனக்கு முதலே அவர்களுக்கு எடுத்திருந்தார்.

ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை மாமா ஷேட்டுக் கைகளை நன்றாக மடித்துவிட்டுக்கொண்டு மேடையில் நின்றார். எத்தனை பேர் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ரயில் நின்றது. முதலில் இறங்கியது றோசா அன்ரி, கக்கத்தில் ஒரு தலையணையோடு. அவருக்குப் பின்னால் கதவு மூட வழியில்லாமல் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஐம்பத்தொன்றாவது ஆள் உருத்திரமூர்த்தி அங்கிள், நெற்றியில் திருநீற்றோடு. மாமா எண்ணுவதை நிறுத்திவிட்டு, பாட்டிகளின் பைகளை வாங்கி இறக்கப் போனார்.