கேட்காமல் விட்ட எண்ணெய் வேலை

குழாயடிச் சுவரில் இரண்டு சவர்க்காரம் இருக்கும். ஒன்று எங்களுடையது. மூலையில் கறுத்துக் கிடப்பது, கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையுடையது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் நேரே அங்கேதான் போவாள். முழங்கை வரை நுரைக்க நுரைக்கத் தேய்ப்பாள். அப்படியும் நகக்கண்ணில் கறை நிற்கும். கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள், இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெயில் ஏதோ கலக்கிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பதில் விளங்காமல் விழித்தால் வெட்கமாயிருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன். "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்பேன். அதுவே பெரிய அன்பு என்று நினைத்திருந்தேன்.

கண்டி நகரில் வங்கி வேலையில் இருந்த ஒரு மாப்பிள்ளையின் சம்பந்தம் அவளுக்குப் பேசி வந்தது. அவளுக்கும் விருப்பம். "இங்கயே எண்டால் படிப்பை முடிச்சிடலாம், அன்ரி. இது சரிவராட்டி அப்பா கனடாப் பக்கம்தான் பார்ப்பார்" என்றாள்.

பெண் தங்கியிருக்கும் வீட்டில் விசாரிப்பது வழக்கம்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் இல்லாத நேரத்தில், மாப்பிள்ளையின் தாயும் சின்னம்மாவும் வந்தார்கள். கதிரை போட்டுத் தேநீர் கொடுத்தேன்.

"பிள்ளை என்ன ஆராய்ச்சி செய்யிறா?" என்று தாய் கேட்டார்.

"எண்ணெய் வேலைங்க. மெஷினுக்கு ஊத்துற எண்ணெய்."

"அப்ப மருமகள் மெக்கானிக்கோ? அக்கா, இனி உங்கட கார் கராஜுக்குப் போகத் தேவையில்லை!" என்று சின்னம்மா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"வீட்டுக்கு வர நேரமாகுமோ?"

"சில நாள் இருட்டிரும்ங்க. எண்ணெயச் சோதிக்க மெஷின்ல இரும்பச் சுத்தவிட்டா நடுவுல நிறுத்த முடியாதாம்."

"அவ்வளவு நேரமும் அங்க ஆரோட நிக்கிறா?"

தாய் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாதுங்க" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேநீர் பாதியிலேயே நின்றது.

அந்தக் கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. விஷயம் அவள் காதுக்கும் வந்துவிட்டது. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவளே வந்து வாசலில் நின்றாள்.

"தனியத்தான் நிக்கிறனான், அன்ரி. அந்த மெஷினுக்குப் பக்கத்தில ஒரு மர வாங்கு கிடக்கு, அதில குந்தியிருந்து பாடம் பார்ப்பன். உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும். என்ர பிழை."

ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னபடியே கனடாச் சம்பந்தம் வந்தது. ஆராய்ச்சி அரைவாசியில் நிற்க, அவள் விமானம் ஏறினாள். இப்போது இரண்டு பிள்ளைகள். ஒரு கடையில் வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மறக்காமல் தொலைபேசியில் பேசுவாள். நான் வழக்கம்போல, சாப்பிட்டியா, குளிரா என்று கேட்பேன்.

இந்தப் பொங்கலன்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்: "அந்த எண்ணெய் வேலை என்னம்மா? எனக்குச் சொல்லேன்."

மெதுவாகத் தொடங்கினாள்.

"பொலிமர் எண்டு ஒண்டு, அன்ரி. கண்ணுக்குத் தெரியாத நீளச் சங்கிலி மாதிரி. எண்ணெய்க்குள்ள விட்டால், சூட்டில எண்ணெய் தண்ணியாப் போகாமல் பிடிக்கும். சிலது இரும்பில ஒட்டிப் படையா நிக்கும். அப்ப ரெண்டு இரும்பும் ஒண்டோட ஒண்டு நேர உரசாது, தேயாது. ஆனா நெரிபட்டு நெரிபட்டு அந்தச் சங்கிலி அறுந்துபோகும். அறாத ஒண்டைத்தான் நான் தேடினனான்..."

குரல் வேகம் பிடித்தது. பின்னால் பிள்ளை ஒன்று கூப்பிட்டது. "பொறு, அம்மா கதைக்கிறன்" என்று அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள். அத்தனை வருடம் என் வீட்டில் இருந்தவளிடம் இப்படியொரு குரலை நான் கேட்டதே இல்லை. பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. "ம்" என்றேன். "பிறகு?" என்றேன். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.