செட்டியார்பட்டியில் ஓர் அறை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் குடும்பம் அதன் பிறகு எப்படி நடக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பொருளாதாரம் படித்தவள் என்றால் தங்கம் விலை ஏறுமா என்று கேட்கிறார்கள். நானோ வீடு வீடாகப் போய், யார் யாரோடு இருக்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இராஜபாளையத்தில், நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மூத்த மகன் வீட்டில் இருந்தார். மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் இளைய மகன் வீட்டில். சண்டை ஒன்றுமில்லை. பெற்றவர்களை ஆளுக்கு ஒருவராகப் பார்த்துக்கொள்வது என்று பிள்ளைகள் பேசி முடித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் இதை நியாயமான ஏற்பாடு என்றுதான் சொல்வார்கள். எனக்குக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். பீரோ ஒருவனுக்கு, கட்டில் ஒருவனுக்கு என்பது போல.

மருமகள் அடுப்படிக்குப் போனதும் பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"செட்டியார்பட்டில நானும் அவளும் இருக்க ஒரு ரூமு பாத்து வச்சிருக்கேம்மா. பென்சன்ல சமாளிச்சிருவேன். அவளக் கூப்பிட்டா பேச்ச மாத்திருதா. சின்னவன் மனசு நோகும்னு பயப்படுதா போல. நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போறீகள்ல, செத்த கேட்டுப் பாருங்க."

தூது போவது என் வேலையில்லை. ஆனாலும் போனேன்.

அந்த அம்மா நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"சின்னவனா? அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். மூணு ஷிப்டுக்கும் அவியளுக்கு முன்னால எந்திரிச்சு சோறாக்கினவ நான். அவிய ரிட்டயர் ஆன பொறவும் அடுப்படியிலதான் நின்னேன். இங்க வந்துதாம்மா நான் ரிட்டயர் ஆனேன். மருமக காப்பி போட்டுக் கையில குடுக்கா."

"அப்ப வர மாட்டீங்களாம்மா?"

தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவிய இல்லாம எனக்கும் நல்லாவா இருக்கு? காலைக் காப்பிய அவிய போடட்டும். வாரேன்னு சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே இராஜபாளையம் போய் அப்படியே ஒப்பித்தேன். பெரியவர் முகம் மாறியது.

"நெசமாவே அப்படிச் சொன்னாளா?"

"நெசமாத்தான்."

கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். பிறகு எழுந்து அடுப்படி வாசலில் போய்த் தயங்கி நின்றார்.

"ஏம்மா," என்று மருமகளைக் கூப்பிட்டார். "இந்த அடுப்ப எப்படிப் பத்த வைக்கணும்?"