ஏரியைப் பார்க்காத போர்டு

முடியாது என்ற சொல் அமீர் ஜானின் வாயில் நுழையவே நுழையாது. பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்கே இது தெரியும். அவரிடம் போர்டு எழுத வருகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கு என்றால் செய்திடலாம். சிறிதாக்கு என்றால் அதுவும் செய்திடலாம். பெரிதாக்கியதைச் சிறிதாக்கி, பக்கத்தில் மாமனார் பெயரையும் சேர்த்துக் கொடு என்றாலும், ஐயா, அதையும் செய்திடலாம். சொல்வதற்கு அவருக்கென்ன வந்தது? பிரஷ் பிடிக்கிற கை அவருடையது இல்லையே.

அந்தக் கை சம்பந்தம் என்பவருடையது. திருப்பாலைவனத்தில் நெல் விளைக்கிற குடும்பம். கழனியைத் தம்பி பார்த்துக்கொள்ள, இவர் தினமும் பஸ் பிடித்து வந்து 'ஜான் ஆர்ட்ஸ்' கடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அமீர் ஜானின் முப்பாட்டனார் காலத்தில் கப்பல் வியாபாரம் என்பார்கள். கப்பலும் போய், சரக்கும் போய், இவருக்கு வந்து சேர்ந்தது அந்த வியாபாரப் பேச்சு மட்டும்தான். வாய் ஒருவர், கை ஒருவர் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்த கூட்டு எண்பத்து மூன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பதைவிட, மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

வேலை இப்படித்தான் நடக்கும். போர்டு வேண்டுமென்று ஒருவர் வந்தால் அமீர் ஜான் முதலில் டீ வாங்கிக் கொடுப்பார். கடைக்கு என்ன பெயர், என்ன வியாபாரம், எந்தக் கலர் பிடிக்கும் என்று விசாரிப்பார். அந்த இடத்துக்கே போய் நீள அகலம் அளந்து வருவார். கட்டம் போட்ட காகிதத்தில் கலர் பென்சிலால் சின்னதாக ஒரு மாதிரி வரைந்து காட்டுவார். வந்தவர் சரியென்று சொன்ன பிறகுதான் தகரம் சட்டத்தில் ஏறும். சம்பந்தம் பிரைமர் அடித்து, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, மறுபடியும் அடித்து, சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, பென்சிலால் எழுத்தைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் எனாமல் டப்பாவைத் திறப்பார். இதெல்லாம் இதே வரிசையில் நடந்தால் ஒரு வாரத்தில் போர்டு தயார். எங்கே நடந்தது?

என்ன எழுத வேண்டும் என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். "நீயே பாத்து போட்டுக்க பாய்" என்று போய்விடுவார்கள். எழுதி முடித்த மறுநாள் வீடு மொத்தமும் கிளம்பி வந்து பார்க்கும். மச்சானுக்குக் கலர் பிடிக்காது. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை விழுந்தால் இன்னொரு கட்சி, பச்சை வேறொரு கட்சி. எந்தக் கட்சியிலும் சேராத கலரில் எழுதினால் ரோட்டிலிருந்து கண்ணுக்கே தெரியாது. தேர்தல் வருஷங்களில் மஞ்சளையும் பழுப்பையும் வைத்துக்கொண்டு சம்பந்தம் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அமீர் ஜான் ஒவ்வொருவரிடமும் செய்திடலாம் என்று சொல்லி அனுப்புவார். சம்பந்தம் தகட்டை எடுத்துச் சுரண்டுவார்.

இப்படியொரு அலுத்த நாளில்தான் எல்லப்பன் வந்து சேர்ந்தார். நேற்றுவரை வலை இழுத்தவர். இப்போது ஏரிக்கரையில் ஷெட் போட்டு, படகுக்காரர்களிடம் இறால் வாங்கி, ஐஸ் வைத்து மெட்ராசுக்கு அனுப்புகிறார். ஷெட்டுக்கு மேலே ஒரு போர்டு, அவ்வளவுதான் கேட்டார். முதலில் அவர் பெயர் மட்டும். பிறகு பக்கத்தில் ஒரு இறால் படம். படம் போட்டதும், "மீசை கம்மியா கீது பாய். எங்க எறாவுக்கு மீசை நீளம்" என்றார். மீசை நீண்டது. அதற்குப் பிறகு சம்சாரம் செல்வம்மாள் பெயரை மேலே சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் எல்லப்பனின் அம்மா கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லையாம். பெயர் இறங்கியது. செய்திடலாம், செய்திடலாம், செய்திடலாம்.

செல்வம்மாள் பெயரைச் சுரண்டி முடித்த சாயங்காலம் சம்பந்தம் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பாய், ஒன்னு சொல்றேன், கோச்சுக்காத. என்னால முடியல."

"இன்னா முடியல? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் கீது. எழுதறதுன்னா எனக்கு உசுரு. எழுதனத நானே சொரண்டறது கீதே, அதான் முடியல. யார் இன்னா சொன்னாலும் நீ தலைய ஆட்டிடற. ஆட்டறது நீ, கை வலிக்கறது எனக்கு. இந்த எறா போர்டு இத்தோட முடிஞ்சுது. இன்னொரு தபா மாத்தணும்னு வந்து நின்னன்னா, பொட்டிய எடுத்துக்கினு போய்டுவேன். எனக்குக் கழனி கீது."

பொட்டி என்றது அவருடைய பிரஷ்கள் இருந்த மரப்பெட்டி. கடை தொடங்கிய நாளிலிருந்து அது அலமாரியின் மேல்தட்டை விட்டு நகர்ந்ததில்லை. அன்றைக்குச் சம்பந்தம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் கொண்டுவந்தார், சாயங்காலம் மறுபடியும் எடுத்துப்போனார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். பெட்டி பஸ் ஏறும்போதெல்லாம் அமீர் ஜான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் போய்விட்டால் கடை இல்லை என்பது ஒரு பக்கம். கடை போனாலும் போகட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் டீ குடிக்க இன்னொரு மனிதருக்கு எங்கே போவது? அவர் உண்மையாகவே பயந்துவிட்டார்.

வீட்டில் மனைவி கைருன் பீவி, "ஒரு தபா இல்லன்னு சொன்னா உங்களுக்கு வாய் கோணிக்குமா?" என்றார். சோற்றைப் பிசைந்தபடி அமீர் ஜான் அதை யோசித்துப் பார்த்தார். கோணிக்கொள்ளும் போலத்தான் இருந்தது.

போர்டை ஷெட்டின் மேல் ஏற்றியாகிவிட்டது. எல்லப்பன் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். சில நாள் கழித்து, சம்பந்தம் பெயிண்ட் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்த ஒரு காலையில், எல்லப்பன் மறுபடியும் கடைவாசலில் வந்து நின்றார்.

"பாய், போர்டு ஜோரா கீது. ஆனா..."

அந்த 'ஆனா'வைக் கேட்டதும் அமீர் ஜான் டீக்குச் சொல்லி அனுப்பினார்.

"பின்னாடி மொட்டையா கீது பாய். ஏரிப் பக்கமும் எதாச்சும் எழுதிக் குடுங்க."

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அலமாரியைப் பார்த்தார். மேல்தட்டு காலியாக இருந்தது.

"முடியாது."

எல்லப்பன் நம்பாமல் பார்த்தார். "இன்னா பாய்?"

"முடியாது எல்லப்பா. அந்த வேலை முடிஞ்சுபோச்சு. போய்ட்டு வாங்க."

வந்த டீயைக்கூடக் குடிக்காமல் எல்லப்பன் போய்விட்டார். அமீர் ஜான் அந்த டீயையும் சேர்த்துத் தானே குடித்தார். தப்புச் செய்த மாதிரி இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பொன்னேரி பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றுகொண்டார்.

சம்பந்தம் ஒரு கையில் டப்பாக்களும் ஒரு கையில் பெட்டியுமாக இறங்கினார். டப்பாக்களைக் கீழே வைக்கவிடாமல் அமீர் ஜான் ஆரம்பித்தார்.

"எல்லப்பன் வந்தாரு. முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"யாரு, நீயா?"

"நான்தான்."

"வாயத் தொறந்து சொன்னியா?"

"தொறந்துதான் சொன்னேன்."

சம்பந்தம் சிரித்துவிட்டார். பல நாளாக அந்தக் கடையில் கேட்காத சிரிப்பு. "அடப் பாவி" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். "சரி, அவரு இன்னாதான் கேட்டாரு?"

"ஏரிப் பக்கமும் எழுதணுமாம்."

துடைத்த கை நின்றது.

"பாய், அந்த ஷெட்டுக்கு எறா யார் எடுத்தாறாங்க?"

"படகுக்காரங்க."

"எந்தப் பக்கமா வராங்க?"

அமீர் ஜானுக்கு அப்போதுதான் உறைத்தது. போர்டு என்றால் ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது கடைத்தெருவில் கிடக்கிற இருவருக்கும் ஊறிப்போன விஷயம். பிறந்ததிலிருந்து தண்ணீரில் கிடந்த எல்லப்பனும் முதலாளி ஆனதும் ரோட்டைத்தான் பார்த்தார். அந்த ரோட்டில் போவது பொன்னேரி பஸ்ஸும் நாலு ஆடுகளும். அதுகள் எல்லப்பனுக்கு இறால் விற்கப்போவதில்லை. விற்கிறவர்கள் ஏரியிலிருந்து வருகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் கரையில் உள்ள எல்லா ஷெட்டும் ஒரே மாதிரி முதுகு காட்டிக்கொண்டு நிற்கும். படகுகள் பக்கத்து வியாபாரியின் ஷெட்டில் போய் ஒதுங்கியிருக்கும். பெயர் கேட்டோம், கலர் கேட்டோம், மீசை நீளம்கூடக் கேட்டோம். போர்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

"யா அல்லா" என்று அமீர் ஜான் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தினி வருசத்துல ஒரே ஒரு முடியாது. அது போய் இங்கியா விழணும்? ஒனக்காகத்தான்பா சொன்னேன்."

"தெரியும் பாய்." சம்பந்தம் அவர் தோளைத் தொட்டார். "எனக்காக ஒரு தபா சொன்ன இல்ல, அது போதும். இப்போ போய் முடியும்னு சொல்லிட்டு வா. இல்ல வேணாம், நானும் வரேன்."

மணல் சுட்டது. இருவரும் ஆளுக்கொரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார்கள். அமீர் ஜான் எல்லப்பனிடம் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் சம்பந்தம் ஐஸ் பெட்டிமேல் ஏறி, போர்டின் பின்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். வெள்ளை அடித்துக் காயவிட்டு, அடுத்த நாள் வந்து படம் போட்டார். எழுத்தே இல்லை. தண்ணீரிலிருந்து எழுத்து எங்கே தெரியப்போகிறது? தகடு முழுக்க ஒரே ஒரு சிவப்பு எறா.

எல்லப்பன் படகில் ஏறி, கோல் ஊன்றி எட்டப் போய் நின்று பார்த்தார். "நல்லா தெரியுது பாய்" என்று அங்கிருந்தே கத்தினார். கொஞ்சம் பொறுத்து, "மீசை மட்டும் இன்னும் கொஞ்சம்..." என்றார்.

அமீர் ஜானின் தலை ஆடத் தொடங்கிப் பாதியில் நின்றது. அவர் சம்பந்தத்தைப் பார்த்தார். சம்பந்தம் ஏதோ முணுமுணுத்தபடி பிரஷை மறுபடியும் டப்பாவில் முக்கினார்.

அன்று சாயங்காலம் இருவரும் களைத்துப்போய், பஸ்ஸுக்காக நின்றார்கள். பஸ் வந்தது. சம்பந்தம் படியில் கால் வைத்தவர் திரும்பி, கக்கத்திலிருந்த பெட்டியை எடுத்து அமீர் ஜானின் கையில் கொடுத்தார்.

"இத கடைல வச்சிடு பாய். டெய்லி தூக்கினு அலைய முடியல."