பூட்டுச் சாவிச் சின்னமும் ஆறிப்போன காப்பியும்

1. குமார் குடித்துவிட்டான்

மைக்கை நீட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் கேள்விக்கு வாயைத் திறந்தேன். பக்கத்தில் உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கேமராமேன் குமார் கண்ணை மூடிக்கொண்டு காப்பி டம்ளரைக் காலி செய்துகொண்டிருக்கிறான். அன்றைய பேட்டி அத்தோடு முடிந்தது.

ஏற்காட்டில் கேபிள் சேனல் ரிப்போர்ட்டராக நான் தலை நரைத்தவள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மைக்கை நீட்டிப் பேச்சு வாங்குகிற பைட், எடிட்டிங் எல்லாம் எங்கேயாவது கற்றுக்கொள்ளலாம். மலையின் சட்டம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் சொந்தத் தோட்டத்துக் காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்து வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் அந்தக் காப்பியைக் குடித்துவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டாரிடம் ஏடாகூடமாக எதுவும் கேட்கக் கூடாது. கடன் கொடுத்தவன்கூட டம்ளரைக் கையில் வாங்கினால் மழை பெய்ததா என்றுதான் விசாரிப்பான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் ஊரில் அந்த இடம் காப்பிக்கு.

நாங்கள் போயிருந்தது ராசம்மா வீட்டுக்கு. பஞ்சாயத்து பிரசிடெண்டு தேர்தலில் நின்ற அம்மா. மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பல வருஷம் ரைட்டராக இருந்து, ஆட்களுக்குப் பேர் போட்டு, வேலை பிரித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த சிரிப்பு.

"நல்லாருந்துச்சா கண்ணு? இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றார் குமாரிடம்.

"நொம்ப நல்லாருக்குதுங்க," என்றான் அந்தப் புண்ணியவான்.

என்னைவிடப் பத்து வயது இளையவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வெளியே வந்ததும் அவனைத் திட்டிய திட்டில் கோழிகள் சிதறி ஓடின.

"ஏனுங்க்கா, நான் குடிச்சா நீங்க கேக்கக் கூடாதுங்களா?"

"ஒரே மைக்குதாண்டா ரெண்டு பேருக்கும்."

2. கேட்கவேண்டிய கேள்வி

கேள்வி இதுதான். ராசம்மா வேலை பார்த்த எஸ்டேட்டின் ஊடே ஒரு பாதை போகிறது. அவருடைய ஊர் ஜனங்கள் பஸ் ரோட்டுக்கு இறங்க அதுதான் குறுக்கு வழி. காப்பிப் பழம் திருடு போகிறது என்று சொல்லிப் பழைய முதலாளி ஒரு இரும்பு கேட் போட்டுப் பூட்டச் சொன்னார். பூட்டியது ரைட்டர் ராசம்மா. அதற்குப் பிறகு பஸ்ஸுக்குப் போக ஒரு மேட்டை ஏறி இறங்கிச் சுற்ற வேண்டும். கேட் அப்போதும் பூட்டித்தான் கிடந்தது. இப்போது அந்த எஸ்டேட் பழைய முதலாளியின் மகன் கையில். அவர் பெங்களூரில் இருந்துகொண்டு சனி ஞாயிறுகளில் வருவார்.

எதிர்த்து நின்றவர் ஒரு கான்ட்ராக்டர். அவருடைய பிரசார ஜீப் ஊர் ஊராகக் கத்திக்கொண்டு போயிற்று. "எஸ்டேட்டுக்காரங்க ஆளுங்க அவுங்க! கேட்டைப் பூட்டுன கை, நாளைக்கு ஊரையே எழுதிக் குடுத்துருமுங்க!" குலுக்கலில் ராசம்மாவுக்குக் கிடைத்த சின்னம் பூட்டுச் சாவி. கான்ட்ராக்டருக்கு லட்டு தின்ன மாதிரி ஆகிவிட்டது. "நானாச் சொல்லலீங்க, சின்னமே சொல்லுதுங்க!" என்று மைக்கில் சிரித்தார்.

ராசம்மா பிரசாரம் முழுக்க இதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவருடைய ஊர் சின்னது, மொத்த ஓட்டே குறைச்சல். பஞ்சாயத்தில் சேர்ந்த மற்ற ஊர்க்காரர்கள் அந்தப் பாதையில் நடந்தவர்கள் இல்லை, கேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மட்டுமே. அவர்கள் ஓட்டு கரைந்துகொண்டிருந்தது. ஒண்டிக்கடையில் டீ குடிக்கிறவர்களெல்லாம் "வாயத் தொறக்க மாட்டீங்குதே அந்தம்மா, அப்ப உண்மைதான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எங்கள் சேனல் முதலாளிக்கும் அதே கேள்விதான் வேண்டும். "எஸ்டேட்டோட என்ன தொடுப்புன்னு நேரா மூஞ்சிக்கு முன்னாடி கேளுங்க ஜெசிந்தா. பேட்டின்னா சுருக்குன்னு இருக்கணும்," என்றார்.

3. நான் வரலீங்க

மறுமுறை ராசம்மா வீட்டுப் பக்கமே போகவில்லை. பேட்டியை அந்த கேட்டு முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினேன். அங்கே அடுப்பு கிடையாது, டம்ளர் கிடையாது. ராசம்மா தயங்கித்தான் வந்தார். கூட அவருடைய ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். குமாரிடம், "யாராச்சும் பிளாஸ்க்கைத் தொறந்தா ஓடிப் போயிரு," என்று சொல்லி வைத்திருந்தேன்.

"ஏனுங்கம்மா, இந்த கேட்டைப் பூட்டுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. நாந்தான் பூட்டுனேன்."

"எதுக்குங்க பூட்டுனீங்க?"

"மொதலாளி பூட்டச் சொன்னாருங்க. சம்பளம் வாங்குறேன், பூட்டுனேன்."

"உங்க ஊர் ஜனமே மேடு ஏறிச் சுத்திக்கிட்டுப் போவுதுங்களே, உங்களுக்கு மனசு உறுத்தலீங்களா?"

ராசம்மா திரும்பிப் பூட்டைப் பார்த்தார். பின்னால் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் சிரிப்பை அடக்குகிறார்கள்.

அந்த நேரம் பார்த்து, கேட்டுக்குப் பக்கத்தில் மிளகுக் கொடி படர்ந்த மரத்துக்குப் பின்னால் உண்ணிச் செடிப் புதர் அசைந்தது. காட்டெருமையோ என்று குமார் ஸ்டாண்டோடு ஓரடி பின்வாங்கினான். வந்தவர் ஒரு பெரியவர், தோளில் ஒரு பலாப்பழம். கேமராவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, கேட்டு பூட்டிக் கெடக்குதே, நீங்க எப்பிடி வந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் ராசம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் வரலீங்க," என்று சொல்லிவிட்டுப் பழத்தோடு புதருக்குள் திரும்பிப் போய்விட்டார்.

பெண்களால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ராசம்மாவும் சிரித்துவிட்டார். "அதைய நிறுத்துங்க, சொல்றேன்," என்று கேமராவைக் காட்டினார். நிறுத்தச் சொன்னேன்.

விஷயம் இவ்வளவுதான். கேட்டைப் பூட்டிய அதே வாரம், பக்கத்து வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கடவு வழி விட்டு, அதை மறைக்கிற மாதிரி மிளகுக் கொடியை ஏற்றிவிட்டவர் ராசம்மா. முதலாளி காரில் வந்து, பூட்டை இழுத்துப் பார்த்து, திருப்தியாகப் போவார். ஊர் ஜனம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. வெளியாள் காதில் விழக்கூடாது என்று ஊரே வாயைக் கட்டி வைத்திருந்தது. கட்டினது அவ்வளவு கெட்டி, அடுத்த ஊருக்குக்கூடத் தெரியாமல் போய்விட்டது. இப்போது அந்தக் கட்டுதான் ராசம்மாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

"இதைய நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜெயிச்சுருவீங்களேம்மா," என்றேன்.

"ஜெயிச்சுருவேனுங்க. பங்களாவுலயும் உங்க டிவிதான ஓடுது? மக்யா நாளே முள்ளுக்கம்பி வந்துரும். அப்பறம் நாங்கெல்லாம் எப்பிடி பஸ்ஸு புடிக்கறது?"

எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. 'நான்தான் பூட்டினேன்' என்ற பாதியை மட்டும் போட்டால் அவர் தோற்பார். முழுதும் போட்டால் பாதை போகும். எதையும் போடாமல் விட்டால் நான் ரிப்போர்ட்டர் இல்லை. வேட்பாளரின் பழசைக் கிளறுவது என் வேலைதான். ஒரு ஊர் நடக்கிற வழியைக் காட்டிக்கொடுப்பது என் வேலை இல்லை. பலாப்பழம் வந்த துண்டை அழிக்கச் சொன்னேன். பிறகு கேமராவை மறுபடி ஓடவிட்டு, இன்னொரு கேள்வி கேட்டேன்.

"நீங்க ஜெயிச்சு வந்தா இந்த கேட்டை என்ன பண்ணுவீங்க?"

ராசம்மா யோசிக்கவே இல்லை. "தொறப்பேனுங்க. பூட்டுனது நாந்தான, தொறக்கறதும் நானே தொறக்கறேன்."

4. ஒரு வார்த்தை கேட்டுட்டு

சேனல் முதலாளிக்கு ஒரே குஷி. "நாந்தான் பூட்டுனேன்னு அவங்க வாயாலயே வந்துருச்சில்ல! இன்னைக்கே போட்டுருங்க!"

"போடலாங்க. ஆனா அதே கேள்விய கான்ட்ராக்டர்கிட்டயும் கேட்டுட்டு, ரெண்டையும் சேத்துத்தான் போடணுமுங்க."

"அவரு என்னத்தப் பூட்டுனாரு? நமக்கு விளம்பரம் குடுக்கற மனுசனுங்க அவரு!"

"அப்ப அவருக்கும் டிவியில பேச ஒரு சான்ஸுதானுங்களே."

அவர் அரை மனதோடு தலையாட்டினார். கான்ட்ராக்டர் வீட்டில் தட்டு நிறைய முறுக்கு, பெரிய பெரிய டம்ளரில் காப்பி. குமார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நானும் தொடவில்லை.

"நீங்க ஜெயிச்சு வந்தா எஸ்டேட் கேட்டைத் தொறப்பீங்களா?"

நல்ல மனுஷன், வெள்ளந்தியாகச் சிரித்தார். "அதுக்கென்னங்க, ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க."

"ஏனுங்க, ஓனர்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

"அங்க காட்டேஜ் கட்டற வேலை நம்மளதுதானுங்களே! தோட்டத்துக்குள்ளாற பன்னெண்டு மாசமா நாமதான..."

அங்கே நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன பயன்? குமார் லென்ஸை அவர் முகத்துக்கு மெல்லக் கிட்டே கொண்டு போய்க்கொண்டிருந்தான். பாவம், அவர் பொய் சொல்லத் தெரியாதவர். யாரும் அவரிடம் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. ஊரெல்லாம் ராசம்மாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு பேட்டியையும், அழித்த அந்தப் பலாப்பழத் துண்டு தவிர வேறு வெட்டு ஒட்டு இல்லாமல், அடுத்தடுத்துப் போட்டோம். ஒண்டிக்கடையில் டீ மாஸ்டர் கல்லாவுக்கு மேலிருந்த டிவியில் சத்தத்தைக் கூட்டினார். பழசைப் பற்றிய பேச்சு அன்றோடு அடங்கியது. "பூட்டுன அம்மா தொறக்கறேங்குது, பூட்டாத ஆளு ஓனரைக் கேக்கோணுங்கறாரு" என்று ஷேர் ஜீப்பில்கூட இதே பேச்சு. விளம்பரம் போய்விட்டது என்று முதலாளி என்னிடம் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ராசம்மா ஜெயித்தார். பெரிய ஓட்டு வித்தியாசம் இல்லை, ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான்.

5. கேட்டு திறந்த நாள்

கிராம சபையில் ஊரே எழுந்து நின்று பேசியது. கொஞ்ச நாள் முரண்டு பிடித்த பெங்களூர்ச் சின்ன முதலாளி, கடைசியில் பாதையை விட்டுக்கொடுத்தார். இன்றைக்கு நான் அந்த வேலிக் கடவைப் பற்றி எழுதுவதும் அந்தத் தைரியத்தில்தான்.

திறக்கிற அன்றைக்குக் கேமராவோடு போனோம். பூட்டு துருப்பிடித்து மக்கர் பண்ணியது. ராசம்மா தேங்காய் எண்ணெய் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகித் திறந்தார். ஜனம் கை தட்டியது. முதலில் உள்ளே வந்தவர் அந்தப் பெரியவர், தோளில் அதே மாதிரி ஒரு பலாப்பழம். புதர்ப் பக்கம் போகாமல், கேட்டின் நட்ட நடுவில், மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து என் மைக்குக்கு நேராக நின்றார்.

"இப்ப வந்துருக்கறனுங்க," என்றார். "நல்லா படம் புடிச்சுக்கங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துச் சமாளித்தேன்.

பிறகு ராசம்மா எங்களை வீட்டுக்கு அழைத்தார். புதிதாக வறுத்த கொட்டை, வாசலுக்கே மணம் வந்தது. ஆவி பறக்க டம்ளரை நீட்டினார். குமார் கை பாதி தூரம் போய்விட்டது.

எனக்கு அதே பஞ்சாயத்தைச் சேர்ந்த கோவிலூர் மேட்டுத் தெருவில் தண்ணீர் வராத பைப் ஞாபகம் வந்தது. இந்த வேலையில் நான் கற்றதெல்லாம் இதுதான்: ஒருவரிடம் கேட்டதை அடுத்தவரிடமும் கேள், பிடித்தவரிடம் முதலில் கேள், காப்பிக்கு முன்னால் கேள்.

"ஒரு கேள்வி இருக்குதுங்க பிரசிடெண்டம்மா. மேட்டுத் தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்?"

ராசம்மா என்னைப் பார்த்தார். குமார் கைக்கு எட்டுவதற்குள் டம்ளரை இழுத்துத் தட்டில் வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார்.

"மைக்கைப் போடுங்க," என்றார். "காப்பி ஆறுனாப் பரவால்ல, மறுக்காச் சூடு பண்ணிக்கலாம்."