கடைசி வீட்டுக்கும் கேட்ட குரல்

ஒரு மோட்டார் சைக்கிளில் ஸ்பீக்கர் பொருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லூர்து அக்காவின் மகள் ஜெனி. "மாமா, அம்மா போயிட்டாவ," என்றாள். ஸ்குரு டிரைவரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடியில் மீன் ஏலம் முடிந்த கையோடு, பின்னால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்றவர் அவர். காலமான கணவரின் வண்டியைத் தாமே ஓட்டப் பழகிக்கொண்டார். "சாளை, ஊளி, விளமீனு!" என்று தெருமுனையில் குரல் கொடுத்தால் கடைசி வீட்டு அடுப்படி வரை கேட்கும். அந்தத் தொண்டையில் போய்க் கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் மிஞ்சியது வெறும் காற்றுக் குரல். சந்தையில் ஒரு மூலையைப் பார்த்து உட்காரும்படி உறவினர்கள் சொன்னார்கள்.

அக்கா நேராக என் ஸ்பீக்கர் கடைக்கு வந்தார். "ஏலே தம்பி, எளவட்டப் பயலுவ வண்டில பாட்டு அலறுதுல்லா? அத மாதிரி என் சத்தத்தையும் அலற வையி. மூலையில உக்காந்து யாவாரம் பண்ணுதவ நான் இல்ல," என்றார்.

ஆம்ப்ளிஃபையர், மைக், கூம்பு ஸ்பீக்கர் எல்லாம் மாட்டினேன். மெல்லிய குரலுக்காக, மைக் ஒலியைப் பெருக்கும் கெயினை நன்றாகக் கூட்டி வைத்தேன். கடையில் கணீரென்றுதான் கேட்டது. மறுநாள் மத்தியானமே அக்கா திரும்பி வந்துவிட்டார்.

"காலையில ஒரே இரைச்சல்லே. மீனுன்னு சொல்லுததே கேக்கல. ரெண்டு தெருவுல கதவே தெறக்கல."

கெயினைக் குறைத்தேன், குரல் அமுங்கியது. ட்ரெபிளைக் கூட்டினேன், கீச்சிட்டது. கடையில் எப்படியோ சரியாகிவிடும், காலையில் தெருவில் காலை வாரிவிடும். மூன்று நாள் இதே கதை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "மைக்கப் பிடிக்கத் தெரியாம என் ஆம்ப்ளிஃபையரக் குறை சொல்லாதிய!" என்று கத்திவிட்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அக்கா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நின்றார். பெட்டி நிறைய மீனும் ஐஸும்.

"இத்தன நாளும் வித்து முடிச்சு வெறும் பெட்டியோடல்லா இங்கன வந்தேன்? இப்பக் கேளு," என்று மைக்கைப் போட்டார். அம்மாடி, காதைப் பொத்திக்கொண்டேன்!

குனிந்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபையரின் எர்த் ஒயரைப் பெட்டி நிற்கும் கேரியர் போல்ட்டிலேயே முடுக்கியிருந்தேன். பாரம் ஏறினால் கேரியர் அமுங்கி, உப்புக்காற்றில் துருப்பிடித்த அந்த இணைப்பு விட்டுவிட்டுத் தொட்டது. தப்பு முழுக்க என்னுடையது. ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்தேன். கெயினைப் பாதியாக்கி, மைக்கை உதட்டருகே வைக்கச் சொன்னேன். இரைச்சல் போன இடம் தெரியவில்லை.

"நீ போய் அந்தக் கடைசி வீட்டு வாசல்ல நில்லு," என்று தம்முடைய முதல் தெருவுக்கு என்னைக் கூட்டிப்போனார். முனையில் வண்டியை நிறுத்தி மைக்கைப் பிடித்தார். "சாளை, ஊளி, விளமீனு!" ஒவ்வொரு கதவாகத் திறந்தது. "ஏளா, லூர்து வந்துட்டா, சட்டிய எடு!" என்று ஒரு வீட்டில் சத்தம். அக்கா மைக்கிலேயே கேட்டார்: "கடைசி வீட்டுக்குக் கேக்குதாலே?"

"கேக்குதுக்கா!" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன்பின் ஒருநாள்கூட அவர் சந்தை மூலையில் உட்காரவில்லை.

அக்காவின் அடக்கச் செய்தியை அந்த வண்டியிலேயே சொல்ல வேண்டும் என்றாள் ஜெனி. அவள் ஓட்டினாள். நான் அதே கடைசி வீட்டு வாசலில் நின்றேன். முனையில் மைக்கைத் தட்டிய சத்தம் கேட்டதுமே, அவள் வாய் திறக்கும் முன்னே, தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. சட்டியோடு வந்தவர்கள் சட்டியோடே நின்று செய்தியைக் கேட்டார்கள்.

கடைசி வீட்டுக்கும் கேட்டதுக்கா. போய் வாருங்கள்.